கியர் மாற்றும் தருணம்

1961 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலிலுள்ள மான் தீவில், ஒரே வாரத்தில் மூன்று மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஒருவரே வாகை சூடினார். மைக் ஹெயில்வூட் என்னும் அவ்வீரருக்கு அப்போது வயது இருபத்தொன்று. 125, 250 கன சென்ரிமீற்றர்ப் பிரிவுகளில் அவர் ஏறிச் சென்றவை யப்பானிலிருந்து வந்த ஹொண்டா வண்டிகள். 500 கன சென்ரிமீற்றர்ப் பிரிவில் அவர் ஏறியதோ ஆங்கில நாட்டு நோர்ட்டன்.

இவற்றுள் 250 ஹொண்டாவும் நோர்ட்டனும் ஒன்றற்கொன்று முற்றிலும் மாறுபட்ட இயல்பின. ஹொண்டாவின் எஞ்சினில் நான்கு சிறிய சிலிண்டர்கள். அது தன் முழு வலுவையும் நிமிடத்திற்கு 14,000 சுற்று என்னும் அளவிலேதான் தந்தது. அதற்கு ஆறு கியர்கள். நோர்ட்டனிலோ ஒரே ஒரு பெரிய சிலிண்டர். அதன் வலு உச்சம் பெற்றது ஏறக்குறைய 7,000 சுற்றில். அதற்கு நான்கு கியர்கள். ஹொண்டாவுக்கு உகந்த சுற்றில் நோர்ட்டனைச் செலுத்த முற்பட்டிருந்தால் அதன் எஞ்சின் சிதறிப் போயிருக்கும். நோர்ட்டனுக்கு உகந்த சுற்றில் ஹொண்டாவைச் செலுத்தியிருந்தால் அது இழுக்க வலுவின்றித் தவித்திருக்கும். ஒரே வாரத்தில், ஒரே பாதையில், ஒருவரே இவ்விரண்டையும் வெற்றிக்கு இட்டுச் சென்றார். எஞ்சினின் சுற்றறிந்து கியர் மாற்றுதல் என்பது எல்லா வண்டிக்கும் பொதுவான ஓர் எண்ணை மனனம் செய்வதன்று, அவ்வவ் வண்டியின் இயல்பை அறிந்து நடத்தலே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஓர் எஞ்சின் 7,000 சுற்றோடு அமைவதற்கும் மற்றொன்று 14,000 சுற்றை எட்டுவதற்கும் காரணம் யாது? பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் செல்லும் தூரத்தை நோக்கினால் இது விளங்கும். நோர்ட்டனின் பிஸ்டன் ஒரு முறை செல்லும் தூரம் 85.6 மில்லிமீற்றர், ஹொண்டாவின் பிஸ்டன் செல்லும் தூரம் 41 மில்லிமீற்றர் மாத்திரமே. ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் ஒரு தடவை மேலேறி ஒரு தடவை கீழிறங்கும். இக்கணக்கின்படி 7,000 சுற்றில் நோர்ட்டனின் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு ஏறக்குறைய 20 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. 14,000 சுற்றில் ஹொண்டாவின் பிஸ்டன் விநாடிக்கு 19 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. சுற்றில் ஒன்று மற்றதன் இருமடங்காயினும், பிஸ்டன் படும் பாடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே, மானியில் தோன்றும் எண்ணின் பெருமையைக் கொண்டு ஓர் எஞ்சின் வருந்துகிறது என்றோ சுகமாக ஓடுகிறது என்றோ முடிவு செய்தல் தவறு. 12,000 சுற்றில் ஓர் எஞ்சின் இன்பமாக ஓடலாம். 8,000 சுற்றிலேயே வேறோர் எஞ்சின் உடைந்து போகலாம்.

இனி, கியரை எப்பொழுது மாற்றுவது என்னும் வினாவுக்கு வருவோர் முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று முறுக்குவிசை, மற்றது வலு. கிராங்க் தண்டை எஞ்சின் எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பதே முறுக்குவிசை. அவ்வாறு திருகும் வேலையை எவ்வளவு விரைவாகச் செய்து முடிக்கிறது என்பதே வலு. முறுக்குவிசையைச் சுற்றோடு பெருக்கினால் வலுவின் அளவு கிடைக்கும். சிலிண்டர் மிகச் சிறந்த முறையில் மூச்சு வாங்கும் சுற்றில் முறுக்குவிசை உச்சம் பெறும். அதற்கு மேல் ஒவ்வொரு மூச்சும் சிறிது குறைவுபட்டாலும், மூச்சுகளின் எண்ணிக்கை கூடுவதால் வலு மேலும் ஏறிக்கொண்டே செல்லும். பின்னர் ஒரு கட்டத்தில், மூச்சின் குறைவு எண்ணிக்கையின் மிகுதியை வென்றுவிட, வலுவும் இறங்கத் தொடங்கும். அதற்கும் அப்பால் நிற்பதே மானியிற் சிவப்பு நிறத்தாற் குறிக்கப்பட்ட எல்லை, அஃதாவது செங்கோடு.

முறுக்குவிசை உச்சம் பெறும் சுற்றிலேயே அடுத்த கியருக்கு மாற்றிவிட வேண்டும் என்பர் சிலர். செங்கோடு வரை செலுத்திய பின்னரே எப்பொழுதும் மாற்ற வேண்டும் என்பர் வேறு சிலர். விரைந்து வேகம் பெறுதலே நோக்கமாயின் முதற் கூற்று தவறு. இரண்டாவது கூற்று சில வேளைகளில் மாத்திரமே சரி.

முதற் கூற்று ஏன் தவறு? வண்டியை முன்னே தள்ளுவது கிராங்க் தண்டிலுள்ள முறுக்குவிசையன்று. பின்சில்லில் வந்து சேரும் முறுக்குவிசையே. கியர்ப்பெட்டி எஞ்சினின் முறுக்குவிசையைப் பெருக்கிச் சில்லுக்கு அனுப்புகிறது. தாழ்ந்த கியரில் அப்பெருக்கம் அதிகம். உயர்ந்த கியரில் குறைவு. முறுக்குவிசையின் உச்சியில் நிற்கும்போதே மேற்கியருக்கு மாற்றினால், பெருக்கமும் குறைந்து, சுற்றும் வீழ்ந்து, சில்லை அடையும் விசை இருவழியாலும் குன்றிவிடும். எஞ்சினின் முறுக்குவிசை சிறிது தளர்ந்தாலும் தாழ்ந்த கியரிலேயே தொடர்ந்து நிற்பது அவ்வேளையில் இலாபமாகும்.

எவ்வளவு நேரம் அவ்வாறு நிற்பது? வண்டி ஒரு குறித்த வேகத்தில் ஓடும்போது, அதனை உந்தும் விசை அக்கணத்தில் எஞ்சின் தரும் வலுவைப் பொறுத்தது. கியர் மாற்றும் அச்சிறு பொழுதில் வண்டியின் வேகம் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே, மாற்றுவதற்கு முன் எஞ்சின் தரும் வலுவையும், மாற்றிய பின் வீழ்ந்த சுற்றில் அது தரப்போகும் வலுவையும் ஒப்பிட்டால் போதும். முன்னது பெரிதாயிருக்கும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். இரண்டும் சமமாகும் கணமே கியர் மாற்றும் தருணம். அத்தருணம் வலுவின் உச்சியைச் சற்றுக் கடந்த பின்னரே வரும் என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை நன்கு விளக்கலாம். நான்கு சிலிண்டர் கொண்ட 600 கன சென்ரிமீற்றர் விரைவு வண்டி ஒன்று 13,500 சுற்றில் 113 பரிவலுவைத் தருவதாகவும், அதன் செங்கோடு 15,000 சுற்றில் அமைந்திருப்பதாகவும் கொள்க. 11,000 சுற்றில் 97, 13,000 சுற்றில் 112, 14,000 சுற்றில் மீண்டும் 112, 15,000 சுற்றில் 106 என்பன அதன் வலுவின் ஏற்ற இறக்கம். கியர்ப்பெட்டியின் விகிதங்கள் முதற் கியரிலிருந்து ஆறாம் கியர் வரை முறையே 2.75, 2.00, 1.67, 1.44, 1.30, 1.21 ஆகுக. இத்தகைய வண்டிகளில் வழக்கமாகக் காணப்படும் அளவுகள் இவற்றையொட்டியனவே.

ஐந்தாம் கியரில் 14,000 சுற்றில் ஆறாம் கியருக்கு மாற்றினால், சுற்று ஏறக்குறைய 13,000 க்கு இறங்கும். முன்னும் 112 பரிவலு. பின்னும் 112 பரிவலு. இரண்டும் சமம், ஆகவே அதுவே தக்க தருணம். அதற்கு மேலும் ஐந்தாம் கியரைப் பிடித்து வைத்திருப்பதால் இரைச்சல் கூடுமேயன்றி விரைவு கூடாது. ஆனால் முதற் கியரிலோ நிலைமை வேறு. முதற் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையிலுள்ள இடைவெளி மிகப் பெரிது. 14,000 சுற்றில் மாற்றினால் சுற்று ஏறக்குறைய 10,200 க்கு வீழ்ந்து, வலு 90 அளவிற்குக் குன்றிவிடும். செங்கோடு வரை சென்று 15,000 இல் மாற்றினாலும், 106 பரிவலுவை விட்டு 96 பரிவலுவுக்கே இறங்க நேரும். எனவே அங்கே செங்கோடு வரை பொறுத்திருத்தலே கணக்கின்படி சரி. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றும் தருணம் ஏறக்குறைய 14,700 இல் வரும். ஒரே எஞ்சினாயினும் ஒவ்வொரு கியருக்கும் மாற்றும் சுற்று வேறு என்பதும், கியர் உயர உயர அது வலுவின் உச்சியை நெருங்கி வரும் என்பதும் இதனாற் புலனாகும். முதற் கியரில் முழு வலுவையும் செலுத்தினால் முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பிவிடும் ஆதலால், அங்கே சற்று முன்னரே மாற்றுவதாற் பெரும் நட்டமில்லை என்பதையும் உடன் நினைவிற் கொள்ளல் தகும்.

வலு நிறைந்து நிற்கும் சுற்றின் எல்லை எவ்வளவு குறுகியதோ, அவ்வளவுக்குக் கியர்களின் எண்ணிக்கை அதிகமாக வேண்டும். இதனை உச்சநிலைக்குக் கொண்டு சென்றவர்கள் 1960 களின் யப்பானியப் பொறியியலாளர்கள். 1967 ஆம் ஆண்டின் சுசுக்கி 50 கன சென்ரிமீற்றர்ப் பந்தய வண்டியின் வலு 17,000 சுற்றையொட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. அவ்வெல்லைக்குள் எஞ்சினை நிறுத்தி வைப்பதற்காக அதற்கு அமைக்கப்பட்ட கியர்கள் பதினான்கு! ஓட்டுபவரின் இடது பாதத்திற்கோ வலது பாதத்திற்கோ ஓய்வென்பது இல்லாத வண்டி அது. பின்னர் சர்வதேசச் சம்மேளனம் கியர்களின் எண்ணிக்கையை ஆறாகக் கட்டுப்படுத்தியதுடன் அப்போக்கு முடிவுக்கு வந்தது. நோர்ட்டனின் நான்கு கியர்களும் சுசுக்கியின் பதினான்கு கியர்களும் ஒரே நியதியின் இரு முனைகள்.

வலுவைப் பெறும் வழி இவ்வாறாக, எஞ்சினைக் காக்கும் வழியும் அறியத்தக்கது. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் மேலே சென்று நின்று, திசை மாறிக் கீழே திரும்புகிறது. அதனைத் தடுத்து நிறுத்தித் திருப்பும் சுமையை அதன் ஊசியும் இணைதண்டுமே தாங்குகின்றன. இச்சுமை சுற்றின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறுவது. 14,000 சுற்றிலிருந்து 16,000 சுற்றுக்குச் செல்லும்போது சுற்று ஏழிலொரு பங்கே கூடுகிறது. சுமையோ நூற்றுக்கு முப்பது வீதம் கூடிவிடுகிறது. 1961 ஆம் ஆண்டின் அதே வாரத்தில், 350 கன சென்ரிமீற்றர்ப் பந்தயத்திலும் ஹெயில்வூட் முன்னணியிலேயே ஓடினார். அவர் ஏறியிருந்த ஏ.ஜே.எஸ். வண்டியின் பிஸ்டன் ஊசி முறிந்தமையால் நான்காவது வெற்றி கைநழுவிப் போயிற்று. விரலளவான ஓர் உருக்குத் துண்டு ஒரு பந்தயத்தையே முடித்து வைக்க வல்லது.

வால்வுகளின் நிலையும் இத்தகையதே. 14,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு நூற்றுப் பதினாறு தடவைக்கு மேல் திறந்து மூடுகின்றது. அதனை மூடும் சுருள்வில் ஓர் எல்லைக்கு மேல் பின்தங்கிவிடும். அப்போது வால்வு உரிய வேளையில் மூடாது, மேலேறி வரும் பிஸ்டனில் மோதலாம். இத்தாலியின் டுக்காற்றி நிறுவனத்துப் பொறியியலாளரான பாபியோ தாலியோனி 1956 ஆம் ஆண்டில் தம் பந்தய எஞ்சினில் வில்லை நம்பாது, வால்வைத் திறப்பதையும் மூடுவதையும் உருக்குப் புயங்களாலேயே செய்வித்தது இவ்விடரைத் தவிர்ப்பதற்கே.

இக்காலத்து வண்டிகளில், சுற்று எல்லை மீறும்போது பெற்றோலையோ தீப்பொறியையோ நிறுத்திவிடும் மின்னணுக் காவல் உண்டு. அது இருக்கையில் அஞ்சுவானேன் என்று பலர் எண்ணுவர். அக்காவல் எஞ்சின் தன் வலுவால் எல்லை மீறுவதைத் தடுக்குமேயன்றி, சில்லு எஞ்சினைச் சுழற்றுவதைத் தடுக்க மாட்டாது. மேற்கூறிய வண்டி ஐந்தாம் கியரில் 12,000 சுற்றில் விரைகின்றது எனக் கொள்க. பதற்றத்தில் ஓட்டுபவர் நான்காம் கியருக்குப் பதிலாக இரண்டாம் கியர் வரை மிதித்துக் கிளச்சை விட்டுவிட்டால், எஞ்சின் 18,000 சுற்றுக்கு மேல் இழுத்துச் செல்லப்படும். அங்கே பெற்றோலை நிறுத்திப் பயனில்லை. எஞ்சின் உடையலாம், அல்லது பின்சில்லு இறுகி நின்று வண்டி வழுக்கலாம். முன்னது பொருட்சேதம், பின்னது உயிர்ச்சேதமாகவும் முடியக்கூடும். மேற்கியருக்கு மாற்றுவதிற் செய்யும் பிழை சில விநாடிகளையே விழுங்கும். கீழ்க்கியருக்கு மாற்றுவதிற் செய்யும் பிழையோ எதனையும் விழுங்கும்.

பிழையின்றிக் கீழிறங்கும் போதும் ஒரு நுட்பம் உண்டு. மூன்றாம் கியரில் 9,000 சுற்றில் செல்லும் வண்டி இரண்டாம் கியருக்கு இறங்கினால், எஞ்சின் 10,800 சுற்றில் சுழல வேண்டும். அக்கூடுதலான 1,800 சுற்றை யார் கொடுப்பது? ஓட்டுபவர் கொடுக்கவில்லையாயின் பின்சில்லே கொடுக்க வேண்டும். பிரேக் பிடிக்கும் வேளையில் வண்டியின் பாரம் முன்சில்லிற் சாய்ந்து, பின்சில்லு இலேசாகி இருக்கும். அந்நிலையில் அதன் மீது இச்சுமையை ஏற்றினால் ரயர் நிலத்தைப் பற்றாது துள்ளும். ஆகவே தேர்ந்தவர்கள் கிளச்சை அழுத்தியிருக்கும் அக்கணத்தில் அக்சிலேற்றரைச் சிறிது முறுக்கி, எஞ்சினை வேண்டிய சுற்றுக்கு உயர்த்திய பின்னரே கிளச்சை விடுவர். ஒரு தடவைக்கு ஒரு கியராகவே இறங்குவர். பின்சில்லின் எதிரிழுப்பு மிகும்போது தானே வழுக்கிக் கொடுக்கும் கிளச்சுகள் இப்போது பல விரைவு வண்டிகளில் உண்டு. அவை பிழையைப் பொறுக்குமேயன்றிப் பழக்கத்துக்கு ஈடாக மாட்டா.

இதுவரை கூறிய கணக்குகள் பெரும்பாலும் பந்தயத் திடலுக்கு உரியவை. பொதுவீதியில் அவற்றை எவ்வளவு கைக்கொள்ளலாம்? மேற்காட்டிய வகை வண்டி முதற் கியரில் செங்கோட்டை எட்டும்போதே அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். பாதசாரிகளும் பிள்ளைகளும் கால்நடையும் நடமாடும் வீதியில் அவ்வாறு செலுத்துதல் திறமையாகாது; அது பிறர் உயிரைப் பணயம் வைப்பதாகும். அங்கே கியரைத் தெரிவதன் நோக்கம் விரைவன்று, அடக்கமே. அக்சிலேற்றரைச் சிறிது திறந்தால் வண்டி முன்னே செல்லவும், சிறிது மூடினால் எஞ்சினே அதனைத் தளர்த்தவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடங்கொடுக்கும் நடுச்சுற்றே வீதிக்கு உகந்தது. மேற்கூறிய வண்டிக்கு அது 4,000 இலிருந்து 7,000 வரையாகலாம்; ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கு அதனினும் தாழ்ந்ததாகலாம்.

சுற்று மிகத் தாழ்ந்தால் என்ன? அதுவும் எஞ்சினுக்கு நலமன்று. உயர்ந்த கியரில், தாழ்ந்த சுற்றில், அக்சிலேற்றரை முழுதும் திறந்தால் செயின் வெட்டி வெட்டி இழுக்கும், எஞ்சின் நடுங்கும், சிலிண்டருக்குள் எரிகலவை முறைதவறி வெடிக்கும் தட்டொலியும் எழலாம். மென்மையாக ஓட்டுகிறோம் என்றெண்ணி எஞ்சினை இவ்வாறு நெரிப்போர் பலர். சுற்றைக் குறைப்பது வேறு, சுமையைக் குறைப்பது வேறு என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் எண்ணெய் தடித்திருக்கும் ஆதலால், அது சூடேறும் வரை உயர்ந்த சுற்றைத் தவிர்த்தலும் நன்று.

வளைவுகளில் இவ்வறிவு உயிர் காக்கும். வளைவுக்கு வேண்டிய கியரை, வண்டி நிமிர்ந்திருக்கும் போதே, வளைவுக்கு முன்னரே தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி சாய்ந்து செல்லும்போது ரயரின் பிடிப்பிற் பெரும்பகுதி திரும்புவதற்கே செலவாகிவிடும். அவ்வேளையில் கியர் மாற்றிச் செயினை வெட்டினால், எஞ்சிய சிறு பிடிப்பும் போய்விடலாம். வலு திடீரெனப் பொங்கும் சுற்றில் வளைவுக்குள் நுழைவதும் தகாது. சுற்றுக்கு மேலும் கீழும் இடம் வைத்து நுழைவதே அறிவுடைமை.

தம் வண்டிக்குரிய சுற்றை அறிய விரும்புவோர் முதலிற் பார்க்க வேண்டியது அதனோடு வந்த கைந்நூலையே. முறுக்குவிசையும் வலுவும் உச்சம் பெறும் சுற்றுகள் அதிற் காணப்படும். முன்னதற்கும் பின்னதற்கும் இடைப்பட்டதே எஞ்சின் மிகச் சிறப்பாக உழைக்கும் நிலம். அடுத்து, கியர் விகிதங்களைக் கொண்டு ஒவ்வொரு மாற்றத்திலும் சுற்று எவ்வளவு வீழும் எனக் கணக்கிடலாம். வீழ்ந்த பின்னும் அந்நிலத்துக்குள்ளேயே நிற்குமாறு மாற்றினால் பெரும்பாலும் பிழை நேராது. மானி காட்டும் எண்ணை மாத்திரம் முற்றாக நம்பிவிடலாகாது. 2006 ஆம் ஆண்டில் வெளிவந்த யமஹா ஆர்6 வண்டியின் செங்கோடு மானியில் 17,500 சுற்றாகக் காட்டப்பட்டது. உண்மைச் சுற்று 16,000 ஐச் சற்றே கடந்தது எனப் பின்னர் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அதிருப்தியுற்றவர்களிடமிருந்து வண்டியை மீள வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது.

ஈற்றில், எண்களெல்லாம் காதுக்கும் கைக்கும் பயிற்சி தருவதற்கே. அவ்வெண்களை ஒரு முறை விளங்கிக்கொண்டவர் நாளடைவில் மானியை நோக்காமலே எஞ்சினின் ஓசையிலும் கைப்பிடியின் நடுக்கத்திலும் தருணத்தை அறிந்துகொள்வார். அவர் பார்வை இருக்க வேண்டிய இடமாகிய வீதியிலேயே இருக்கும். மான் தீவின் 37 மைல் நீளமான பாதையை ஆறு முறை சுற்றி, 226 மைல் தூரம் ஓடி, அந்த ஒற்றைச் சிலிண்டர் நோர்ட்டன் சராசரியாக மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் முடிவை எட்டியது. எஞ்சினிடம் உள்ளதை முழுதும் கேட்டு, இல்லாததைக் கேளாது விட்டமையே அந்த நெடுந்தூரத்தை அது தாங்கியதன் இரகசியம்.